தறியில் ஒரு குலம்

தமிழ் பயிற்றுவிப்பவனுக்குக் கணிதத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒரு சொல்தான் என்னை இப்பக்கம் இழுத்து வந்தது.

சேத்துப்பட்டு என்றதும் சென்னையில் உள்ளதை நினைக்க வேண்டாம். நான் சொல்வது திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிப் பக்கத்துச் சேத்துப்பட்டு. பட்டுத்தறி ஓடும் வீடுகளிலிருந்து எங்கள் வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுள் கணிதத்தை முதன்மைப் பாடமாகப் படிக்கும் மாணவன் ஒருவன், "ஐயா, கணக்குல குலம்னு ஒண்ணு வருது. அதுக்கும் நம்ம குலத்துக்கும் என்னங்கய்யா சம்பந்தம்?" என்று கேட்டான். அடைப்பு விதி, சேர்ப்பு விதி, சமனி விதி, எதிர்மறை விதி என நான்கையும் நூற்பா போல ஒப்பித்தான். பொருள் கேட்டேன், விழித்தான். ஒன்றும் விளங்கவில்லை, படிப்பை விட்டுவிட்டுத் தறிக்கே போய்விடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னான்.

குலம் என்பது மேல்நிலை வகுப்புப் பாடநூலே ஆண்ட கலைச்சொல். இச்சொல் பொருந்தாது, சாதி வாடை அடிக்கிறது என்று வாதிடுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. நம் வழக்கில் குலம் பிறப்பால் வருவது. கணிதத்தின் குலத்திலோ பிறப்புக்கு இடமே இல்லை. எனினும் மாணவனைத் தடுத்தது சொல் அன்று என்பதே என் எண்ணம். பொருளைக் காட்டுமுன் வரையறையை நீட்டியதே தடை.

அவன் வீட்டுத் தறியையே எடுத்துக்கொள்வோம். ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகளை வளையமாகக் கோத்திருப்பார்கள். (மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறிகளில் இவ்வட்டைகள் இல்லை.) கடைசி அட்டைக்குப் பின் முதல் அட்டை மீண்டும் வரும். அட்டைகள் நூறு என்று கொள்வோம். முப்பது அட்டை நகர்த்தி, மேலும் எண்பது நகர்த்தினால், விளைவு பத்து நகர்த்தியதற்குச் சமம். இரு நகர்வுகளைச் சேர்த்தால் கிடைப்பதும் ஒரு நகர்வே, இதுவே அடைப்பு. மூன்று நகர்வுகளில் முதல் இரண்டை முன்னர்க் கூட்டினாலும், பின் இரண்டை முன்னர்க் கூட்டினாலும் முடிவு ஒன்றே, இது சேர்ப்பு. நூறும் சுற்றி வந்தால் எதுவும் மாறவில்லை; இது சமனி. தவறாக விழுந்த ஊடையைப் பிரிக்கும்போது நெசவாளர் அட்டைகளைப் பின்னோக்கிச் சுற்றுகிறாரே, அது எதிர்மறை. நான்கு விதிகளும் முடிந்தன. இங்கே குலத்தின் உறுப்புகள் அட்டைகள் அல்ல, நகர்வுகள். பெயர்ச்சொல்லைத் தேடியவனுக்கு வினைச்சொல் கிடைக்கிறது.

இக்குலத்தில் எதை முன்னே செய்தாலும் விளைவு மாறாது. இத்தகையதை, 1829இல் இருபத்தாறு வயதில் மறைந்த நார்வே நாட்டு ஏபெலின் பெயரால் எபீலியன் குலம் என்பர். எல்லாக் குலமும் அவ்வளவு சாது அன்று. சேலையின் கோபுரக் கரையைப் பாருங்கள். ஒரு கோபுரத்தின் நடுக்கோட்டை நிலையான அச்சாகக் கொள்ளுங்கள். கரையை ஒரு கோபுர அளவு வலப்புறம் நகர்த்தி, பின் அவ்வச்சில் கண்ணாடிப் பிம்பமாக மாற்றுங்கள். அடுத்து, முதலில் மாற்றிப் பின் நகர்த்துங்கள். கரை இரண்டு முறையும் அதே கரையாகத்தான் தோன்றும். ஆனால் நீங்கள் குறித்துவைத்த கோபுரம் வெவ்வேறு இடங்களில் போய் நிற்கும். வரிசை மாறினால் விளைவும் மாறுகிறது.

ஒரே திசை நோக்கி நடக்கும் மயில்கள், மேலும் கீழுமாக மாறி மாறி இலைவிடும் கொடி, ருத்திராட்சக் கரை என உருக்கள் எண்ணிறந்தவை. ஆனால் நீளவாக்கில் மீள மீள வரும் கரைகளைச் சமச்சீரால் வகுத்தால் ஏழே வகைதான். எட்டாவதை எவராலும் நெய்ய முடியாது. நாற்புறமும் பரவும் உடல் வேலைப்பாட்டுக்குப் பதினேழு வகை. 1891இல் ரஷ்யாவின் ஃபெதரோவும், 1924இல் ஜார்ஜ் போல்யாவும் இதை நிறுவினர்.

'நம் முன்னோர் குலக்கோட்பாட்டை அன்றே அறிந்திருந்தனர்' என்று யாரும் இதிலிருந்து முழங்கிவிட வேண்டாம். நெசவாளர் அறிந்தது கரையை. 'எட்டாவது இல்லை' என்ற அறிவு வேறு. கால்வா இருபது வயதில் மடிந்த 1832க்கும், கேய்லி அருவமான வரையறை தந்த 1854க்கும் பின்னர் வந்தது அது. இரண்டையும் ஒன்றாக்குவது இரண்டுக்கும் இழுக்கு.

இவ்விரண்டுக்கும் இடையே பாலம் கட்டியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களுக்குக் கணித முறையில் இலக்கணம் வகுத்தனர். தமிழ்த்துறையில் உள்ள நாமோ கலைச்சொற் பட்டியல் அச்சிட்டதும் கடமை முடிந்ததாகக் கருதுகிறோம். சொல் கொடுத்தோம், அச்சொல்லால் நாலு பக்கம் எழுதிக் காட்டினோமா? சூத்திரம் இருந்து உரை இல்லாத நூலை நாம் எந்த வகுப்பில் நடத்துவோம்?

அந்த மாணவன் தறியில் அமர்ந்தாலும் அது இழிவன்று. ஆனால், விளங்கவில்லை என்பதற்காக அவன் அங்கே போய் அமரக் கூடாது. விளங்க வேண்டியது அந்தத் தறியிலேயே இருந்தது. அதைச் சுட்டிக்காட்டும் உரையைத்தான் நாம் இன்னும் எழுதவில்லை.