சுவரோரக் குழி

"எம்புள்ள இப்ப எங்க சாமி இருக்கும்?"

நான் குருவாகி இரண்டாம் ஆண்டு. இன்குபேட்டரில் பதினொரு மணி நேரமே மூச்சுவிட்ட குழந்தை. ஞானஸ்நானம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சுற்றுச்சுவரை ஒட்டிக் குழி வெட்டியிருந்தார்கள். "எப்பவும் அங்கதான் சாமி" என்றார் கோயில்பிள்ளை. வெள்ளைத் துண்டில் சுற்றிய உடலைத் தகப்பன் யாரிடமும் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மாலையில் மருத்துவமனைக் கட்டிலில் அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு, "ஆண்டவருக்குத் தெரியும்மா" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தக் குழிக்கு வரலாறு உண்டு. பெலாஜியுசின் கருத்துகளை எதிர்த்து வாதாடிய புனித அகுஸ்தீன், சென்மப்பாவத்தோடு இறக்கும் குழந்தையும் தண்டனைக்குத் தப்பாது, ஆனால் அது மிக லேசானது என்றார். அதற்கு மனம் ஒப்பாத இடைக்கால இறையியலாளர்கள் லிம்போவைச் சொன்னார்கள்: வேதனை இல்லை, கடவுளின் முகதரிசனமும் இல்லை. திருச்சபை இதை விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவித்ததில்லை. ஆனால் 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு திருமுழுக்குப் பெறாதோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. மக்கள் குழி இருந்த இடத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொண்டார்கள்.

1969-இன் அடக்கச் சடங்கு நூல் இக்குழந்தைகளுக்கெனச் செபங்களைத் தந்தது. 1992-இன் மறைக்கல்வி நூல் (எண் 1261) அவர்களைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 2007-இல் பன்னாட்டு இறையியல் ஆணையம், அவர்கள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்றது. உறுதி என்று சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம். ஆனால் எதிர்நோக்கைச் சொல்ல ஏன் தயங்குகிறோம்? இரக்கத்தைப் பேசினால் நீதி குறைந்துவிடும் என்று பயப்படுகிறோம். தானாக ஒரு பாவமும் செய்யாத உயிரைத் தள்ளிவைப்பது எந்த நீதி?

பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கை நடத்தலாம் என்கிறது 1983-இன் சட்டம் 1183. இரவில் இறக்கும் குழந்தையைக் காலையில் அடக்கம் செய்துவிடுகிறார்கள். அனுமதி தேட நேரமிருக்காது. அடுத்த குருக்கள் கூட்டத்திலேயே பொது அனுமதி கேட்டு வாங்கிவையுங்கள். குழியைத் தாத்தா பாட்டி கல்லறைக்குப் பக்கத்தில் வெட்டச் சொல்லுங்கள். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிச் செபியுங்கள்.

அன்று அந்தக் குழந்தையின் பெயரை நான் கேட்கவே இல்லை.