ஊரைக் கேட்டு நிலம் வாங்குக

சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துப் பொருள் சேர்க்கும் நம்மவர்கள், கையில் நாலு காசு சேர்ந்ததும் முதலில் விரும்புவது நிலமே. அவ்விருப்பத்தை நாம் குறை கூறோம். ஆனால் மண்ணை மிதித்துப் பாராமல், மனைப் படத்தையும் தரகரின் வார்த்தையையும் நம்பிக் கிரயம் முடித்துவிட்டு, பின்பு ஒருநாள் சாவகாசமாக நிலத்தைப் பார்க்கப் புறப்படும் வழக்கம் பெருகி வருகிறது. இதன் கேட்டை எடுத்துரைப்பது நமது கடமையாகும்.

முன்பின் அறியாத ஊரில் இடம் வாங்கிய பழங்கதையொன்று கடலூருக்கே உண்டு. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு நிலமும் அவர்களைச் சேரும் என்பது ஏற்பாடு. அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. பீரங்கி வைத்திருந்தவர்களுக்கு ஊராரை யோசனை கேட்கும் அவசியம் இருக்கவில்லை. இன்று மூன்று சென்ட் மனை வாங்கும் குடும்பஸ்தரிடம் பீரங்கி ஏது? ஊராரின் நல்வார்த்தை ஒன்றே அவருக்குக் காவல்.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் செல்வோர் சிப்காட் தொழிற்பேட்டையைக் காண்பர். மேற்கே சாலை, கிழக்கே உப்பனாறு, இடையே ரசாயன ஆலைகள். சுற்றிலும் குடிகாடு, ஈச்சங்காடு முதலிய கிராமங்கள். பெருவழிச் சாலை, ரயில், அருகே துறைமுகம், ஆலைகளில் வேலை என்று தரகர் அடுக்கும் அனுகூலங்கள் பொய்யல்ல. ஆனால் அவர் சொல்லாதவையும் உள. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் 43 தொழிற்பகுதிகளை மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று வகுத்தபோது, அவற்றில் கடலூரும் ஒன்றாயிருந்தது. 2021 மே மாதத்தில் இப்பேட்டையின் ஆலையொன்றில் நேர்ந்த விபத்தில் நால்வர் மாண்டனர். 2004இன் சுனாமி, 2011இன் தானே புயல், 2015இன் பெருவெள்ளம் ஆகிய மூன்றும் இந்த ஜில்லாவை வருத்தியவை. தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் கடலைச் சேரும் வடிகால் பூமி இது. இங்கே ஒரு சாண் மேடும் ஒரு சாண் பள்ளமும் ஒரு குடும்பத்தின் கதியை மாற்றிவிடும்.

இவற்றில் எது பத்திரத்தில் எழுதியிருக்கிறது? வில்லங்கச் சான்று, பதிவான பாத்தியதைகளை மட்டுமே காட்டும். பட்டாவும் சிட்டாவும் எவர் பெயரில் நிலம் உள்ளது என்று சொல்லும்; புலப்படம் எல்லையைச் சொல்லும். பிற்பகலில் கடற்காற்று எழும்போது ஆலைப் புகை எந்தத் தெருவின்மேல் படர்கிறது, எந்தக் கிணற்று நீர் சமையலுக்கு ஆகாமற் போயிற்று, எந்த ஐப்பசியில் தண்ணீர் எந்த வாசற்படிவரை ஏறியது என்பவை ஊராரின் மனத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. வாய்மொழிக் குத்தகை அனுபவத்தையும் அவ்வாறே அறியலாம். தொழிலுக்காக நிலம் கையகப்படுத்த 1997இல் இயற்றிய தனிச் சட்டமும் நமது மாகாணத்தில் உண்டு. அளவைக்காரர் எந்த வயலில் கல் நட்டுப் போனார் என்பது சென்னைவாசியைவிட அடுத்த வயல்காரருக்கே முன்னதாகத் தெரியும்.

சட்டம் காப்பாற்றும் என்று சிலர் நினைக்கலாம். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, தான் அறிந்த குறையை வாங்குவோருக்குச் சொல்லும்படி விற்பவரைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் வாங்குவோர் சாதாரண ஜாக்கிரதையோடு விசாரித்தால் கண்டுகொள்ளக்கூடிய குறைக்கு அது பொருந்தாது. தேநீர்க் கடையில் அரை மணி நேரம் அமர்ந்தால் தெரிந்துவிடும் சங்கதியை அறியாமற் போனவர், கோர்ட்டில் வழக்காடி ஜெயிப்பது எளிதன்று.

ஊரார் வார்த்தையை நம்பலாமா, தரகரும் ஊரார்தானே, பங்காளிப் பகையும் பொறாமையும் எங்கும் இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியே. ஆகையால் ஒருவரை மட்டும் கேட்டல் கூடாது. தண்ணீர் எடுக்கும் பெண்ணை ஒரு மாதிரியும், உப்பனாற்றில் வலை வீசுபவரை ஒரு மாதிரியும், எல்லைக்கு எல்லை நிலம் உடையவரை ஒரு மாதிரியும், கிராம சுகாதாரச் செவிலியரை ஒரு மாதிரியும் கேட்க வேண்டும். லாப நஷ்டம் வெவ்வேறான நால்வர் சொல்வது ஒத்திருந்தால் அதில் உண்மை உண்டு. பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலைப் பார்க்கலாம். பரம்பரைக் கர்ணம் மணியம் 1980இல் ஒழிந்தது நன்மையே. ஆயினும் மாற்றலில் வந்து போகும் அலுவலரிடம் மூன்று தலைமுறை ஞாபகத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. அது கிழவர்களிடந்தான் கிடைக்கும். மழைக்காலத்தில் ஒருமுறையும், பிற்பகலிலும் இரவிலும் காற்றைக் கவனித்து ஒருமுறையும் போய்வருவது உசிதம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் இது பொருந்தும். கம்பி வேலியும் மண்வாரி யந்திரமுமாகத் திடீரென்று போய் இறங்குவது விவேகமன்று. முதலில் எல்லைக்காரருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். நடைபாதை எது, வாய்க்கால் எது, சுடுகாட்டு வழி எது என்று கேட்டுக்கொண்டே கல் ஊன்ற வேண்டும். வெளியூரார் அறியாமல் எழுப்பும் ஒரு மதில் வடிகாலை அடைத்து, ஐப்பசி கார்த்திகையில் பத்து வீடுகளை நீரில் ஆழ்த்திவிடக்கூடும். விசாரணை, வாங்குபவருக்கு லாபம் என்பதோடு, கிராமத்துக்கு அவர் செலுத்தும் மரியாதையும் ஆகும்.

ஊராரின் அறிவை இளக்காரமாக எண்ணுவோருக்குக் குடிகாடு முதலிய கிராமங்களே பதில். 2004 முதல் சிப்காட் சுற்றுப்புறத்துச் சாமானிய மக்கள், எந்த நேரத்தில் என்ன நாற்றம் எத்திசையிலிருந்து வந்தது என்று குறித்து வைத்ததோடு, காற்றைப் பிடித்துச் சோதனைக்கும் அனுப்பினார்கள். இருந்து அனுபவித்தவர்கள் அவர்கள். நிலைமை இன்று எவ்வளவு திருந்தியிருக்கிறது என்பதற்கும் அவர்களே தக்க சாட்சிகள்.

எனினும் முழுப் பாரத்தையும் வாங்குவோர் தலையில் சுமத்துவது நீதியாகாது. பதிவுத் துறையார் சர்வே எண் வாரியாக வழிகாட்டி மதிப்பு நிர்ணயித்து வெளியிடுகிறார்கள். வரி வசூலிப்பதற்காக ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் விலை குறிக்க முடியுமானால், அதே எண்ணுக்கு நேராக வெள்ளம் ஏறிய மட்டம், நிலத்தடி நீரின் சோதனை முடிவு, அபாய ஆலைகளின் தூரம், நில எடுப்பு அறிவிப்பு ஆகியவற்றையும் குறிக்க ஏன் முடியாது? கடலூர் ஜில்லாவில் இதைத் தொடங்கி வைக்கும்படி சர்க்காரை வற்புறுத்துகிறோம். கிராம சபைகளும் தாம் அறிந்ததைத் தீர்மானமாக எழுதி வைக்கலாம்.

அதுவரை ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியே நமக்குச் சட்டம். முன்பணம் கொடுக்கும் முன் பஸ் ஏறுங்கள்; வழியில் கண்டவரை வணங்கிக் கேளுங்கள். ஆயுட்கால உழைப்பைக் கொடுத்து வாங்கப்போகும் நிலத்துக்காக ஒரு நாளைச் செலவிடுவது வீணாகாது.