ஓட்டைக் காலணாவும் ஒரு லட்ச ரூபாயும்

நான் பழைய காசு சேர்க்கிறவன் என்று தெருவில் தெரிந்துபோனதிலிருந்து எனக்கு ஒரு சம்பளமில்லாத உத்தியோகம் கிடைத்திருக்கிறது. யார் வீட்டுப் பரணில் எந்தத் தகர டப்பா அகப்பட்டாலும் அது நேராக என்னிடம் வரும். டப்பாவைத் திறப்பதற்குள் கேள்வி வந்துவிடும். "தம்பி, இது எவ்வளவு போகும்?"

போன மாதம் எதிர்வீட்டு அத்தை எடுத்து வந்தது ஒரு ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை அடித்த வெண்கலக் காசு, நடுவில் பெரிய ஓட்டை. யுத்த காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க அப்படி அடித்தார்கள். கோடிக்கணக்கில் அடித்ததால் இன்றும் எந்தக் காசுக் கடையிலும் கிண்ணம் நிறையக் கிடக்கும். அத்தையிடம் யாரோ போனில், ஒரு லட்சத்துக்கு வாங்கிக்கொள்கிறேன், முதலில் "பதிவுக் கட்டணம்" அனுப்புங்கள் என்றிருக்கிறார். அத்தை அனுப்பியும் விட்டார். பிறகு வரி கட்ட வேண்டும் என்று இன்னொரு தொகை கேட்டபோதுதான் சந்தேகம் வந்து என்னிடம் வந்தார். போன பணம் போனதுதான்.

இது அத்தை ஒருவருக்கு நடந்த கதை இல்லை. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே ஓர் எச்சரிக்கை அறிக்கை விட்டது. எங்கள் பெயரையும் சின்னத்தையும் போட்டு, பழைய காசு, நோட்டு வாங்கித் தருவதாகக் கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்கிறார்கள். எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யாருக்கும் இந்த அதிகாரத்தை நாங்கள் கொடுக்கவும் இல்லை என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் வைஷ்ணவ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய்க்குப் பத்து லட்சம் என்று வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் வகுப்பு குரூப்பிலேயே மூன்று தடவை வந்துவிட்டது. (அனுப்பியவர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.)

என்னைக் கேட்டால் அந்த முதல் கேள்வியே தப்பு. இது என்ன காசு, எந்த வருஷம், யார் அடித்தது, எத்தனை அடித்தது என்று கேட்டிருந்தால் அத்தைக்கு அஞ்சு நிமிஷத்தில் பதில் கிடைத்திருக்கும். விலை கடைசியில் வருகிற விஷயம்.

காசு பழசாகப் பழசாக விலை ஏறும் என்று எல்லோரும் நினைக்கிறோம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜனின் செப்புக் காசுக்கு ஆயிரம் வயசு. ஒரு பக்கம் நிற்கும் மனிதன், இன்னொரு பக்கம் உட்கார்ந்த மனிதன், பக்கத்தில் நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயர். ஏராளமாகக் கிடைப்பதால் ஒரு மாணவன் பாக்கெட் மணியில் வாங்கிவிடலாம். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939 வெள்ளி ரூபாய்க்கு இன்னும் நூறு வயசுகூட ஆகவில்லை. அது கிடைப்பது அரிது. 1940-இல் ரூபாயின் வெள்ளியை நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்றே முக்காலிலிருந்து ஐம்பதாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் பழைய தரத்தில் வந்த கடைசி வருஷக் காசு இது. இதற்கு இருக்கும் கிராக்கியைப் பார்த்து, 1938 ரூபாயில் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குகிற "கலைஞர்களும்" இருக்கிறார்கள்.

இன்னொரு கதை இதைவிட வேடிக்கை. கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்துக்காக 1808-இல் இங்கிலாந்தில் பத்துக் காசு, இருபது காசு என்று செப்பில் அடித்து அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பலில் ஏற்றியது. 1809 ஜனவரியில் கப்பல் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே, குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அதைத் தோண்டி லட்சக்கணக்கில் காசு எடுத்தார்கள். கப்பலோடு மூழ்கிய புதையல், இருநூறு வருஷப் பழசு, எழுத்தெல்லாம் பளிச். ஆனால் விலை சல்லிசு, ஏனென்றால் அத்தனை இருக்கிறது!

சரி, நம்ம ஊர்க் காசுக்கு வருகிறேன். எனக்குப் பெரிய வருத்தம் இருப்பது இங்கேதான்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தங்கசாலை வைத்து நமக்கென்றே காசு அடித்தார்கள். செப்புக் காசை அவர்கள் "துது" என்றார்கள். நாம் பேச்சில் சொல்கிற துட்டுதான் அது. (அந்தத் துட்டே டச்சுக்காரர்களின் செப்புக் காசுப் பெயரிலிருந்து வந்தது என்கிறது தமிழகராதி.) வெள்ளியில் அடித்தது "ஃபனோன்", நம்முடைய பணம். அதற்கும் சின்னது "காஷ்", நம்முடைய காசு. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். பெரிய ரூபாயை மட்டும் ஆற்காட்டு நவாபின் அனுமதியோடு, மொகலாயப் பாதுஷா பெயரில் பாரசீக எழுத்தில் அடித்தார்கள். கவர்னர் துய்மா அந்த அனுமதியை வாங்கியது 1736-இல். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கியதும் அதே வருஷம்தான். ஆற்காட்டு ரூபாய் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதில் பிறைச் சின்னம் இருந்தால் புதுச்சேரிச் சரக்கு, தாமரை இருந்தால் சென்னையில் ஆங்கிலேயர் அடித்தது.

எனக்குப் பிடித்தது அந்தச் செப்புத் துட்டுதான். ஒரு பக்கம் பிரான்ஸ் ராஜாவின் லில்லிப் பூ. மறு பக்கம் என்ன தெரியுமா? தமிழில் "புதுச்சேரி". ராஜா பேரும் இல்லை, வருஷமும் இல்லை, பிரெஞ்சில் ஒரு எழுத்துகூட இல்லை. காரைக்கால் என்று தமிழில் பெயர் போட்ட காசும் உண்டு. நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்களும் இதையே செய்தார்கள், ஒரு பக்கம் ஒரு தெய்வ உருவம், மறு பக்கம் தமிழில் ஊர்ப் பெயர். கடைத்தெருவில் கீரை வாங்குகிறவரிடம் போகிற காசு அவர் படிக்கிற எழுத்தில் இருக்க வேண்டும் என்ற அளவுக்கு வியாபாரப் புத்தி அவர்களுக்கு இருந்தது.

வருஷம் இல்லாத காசுக்கு எப்படி வயசு சொல்வது? லில்லி என்பது பூர்போன் ராஜ வம்சத்தின் சின்னம். 1830-இல் பாரிஸில் புரட்சி வந்து அந்த வம்சம் போய் லூயி பிலிப் வந்ததும் லில்லி போய் சேவல் வந்தது. நம்ம ஊர்க் காசிலும் 1836 என்ற வருஷத்தோடு சேவல் கூவுகிறது. பாரிஸில் ஆட்சி மாறியதைப் புதுச்சேரிக் காசை வைத்தே சொல்லிவிடலாம்.

எழுத்தைப் படிப்பதில் சில சங்கடங்கள் உண்டு. அந்தக் காலத்தில் புள்ளி வைத்து எழுதும் வழக்கம் கிடையாது. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு. அதனால் "புதுச்சேரி" என்று தேடினால் ஏமாந்து போவீர்கள், "புதுசசெரி" என்று தேட வேண்டும். அதோடு அச்சு பெரிது, செப்பு வில்லை சின்னது. சுத்தியலால் அடிக்கும்போது வில்லை நகர்ந்தால் பாதி எழுத்து வெளியே போய்விடும். ஒரு காசில் "துச" மட்டும் இருக்கும், இன்னொன்றில் "ரி"யின் வால் மட்டும். மூன்று நான்கு காசைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழுப் பெயர் கிடைக்கும். பூவின் இதழ், கொம்பின் சுழி, வரி பிரித்த விதம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வித்தியாசம். ஒரு அச்சு தேய்ந்தால் இன்னொரு ஆள் இன்னொரு அச்சு வெட்டினான், அவ்வளவுதான். அந்த வித்தியாசங்களைத்தான் சேகரிப்பவர்கள் "வகை" என்கிறோம். எழுத்து முழுசாக விழுந்த காசுக்கும் பாதி விழுந்த காசுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் வருவதும் இதனால்தான்.

இங்கே என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் துட்டைப் பள்ளி நாட்களில் புளி போட்டுத் தேய்த்தேன். அம்மா குத்துவிளக்கைத் தேய்ப்பது போல. பளபள என்று ஆனது. அதோடு சேர்ந்து இருநூறு வருஷமாக அதன் மேல் படிந்திருந்த கருப்புப் படலமும், அந்தப் படலம் காட்டிக்கொடுத்த எழுத்து விளிம்பும் போய்விட்டன. இன்று அதைப் பார்க்கிற எவரும் முதலில் கேட்பது "போலியா?" என்றுதான். தயவுசெய்து புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீர், மெல்லிய துணி, போதும்.

போலி என்றதும் இரண்டு விஷயம். கம்பெனிப் பெயரும் 1818 என்ற வருஷமும் போட்டு, ராமர், சீதை, அனுமன் படத்தோடு வரும் "ஒன் அணா" நாணயங்களைக் கம்பெனி ஒருநாளும் அடிக்கவில்லை. அது கோயில் கடை வில்லை. அரிசியை இழுக்கும் இரிடியம் காசு, அதுதான் ரைஸ் புல்லிங், முழு மோசடி. வெள்ளி ரூபாய் என்று யாராவது கொடுத்தால் நகைக்கடைத் தராசில் போட்டுப் பாருங்கள், 11.66 கிராம் பக்கம் நிற்க வேண்டும். தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையலாம். காந்தத்தில் ஒட்டினால் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

சட்டத்தையும் மறக்காதீர்கள். மண்ணில் தோண்டி எடுத்த காசு பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1878-இல் போட்ட புதையல் சட்டம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு விற்று அனுப்புவதை 1972 தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. பிரான்சில் இதற்கு வாங்க ஆள் இருக்கிறது என்று ஆசை காட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இப்போது என் மனசை உறுத்துகிற விஷயம். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பெரியவர் பழைய பூட்டு, சாவி, வாட்ச் எல்லாம் சாக்கு விரித்து விற்பார். ஒரு டப்பாவில் கருத்துப்போன செப்புத் துண்டுகள். எது எடுத்தாலும் இருபது ரூபாய். கிளறியபோது ஒன்றில் "புது" தெளிவாகத் தெரிந்தது. வாய் திறக்காமல் இருபது ரூபாய் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். வீடு வரும் வரை குஷிதான். இரவுதான் அத்தையிடம் போனில் பேசியவன் நினைவுக்கு வந்தான். அவன் இல்லாத மதிப்பைச் சொல்லி ஏமாற்றினான். நான் இருக்கிற மதிப்பை மறைத்தேன். சேகரிப்பவர்கள் இதற்கு "அதிர்ஷ்டம்" என்று பெயர் வைத்துத் தங்களுக்குள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கண்டுபிடிக்கும் திறமைக்குக் கிடைத்த கூலி என்றும் வாதிடுவார்கள். பெரிய ஏலக் கம்பெனியிடம் வாங்கினால் அந்த வாதத்தை ஒப்புக்கொள்வேன், அவர்களுக்கும் படிக்கத் தெரியும். சாக்கு விரித்து வெயிலில் உட்கார்ந்திருப்பவரிடம் அது செல்லுமா?

அதைவிட நடைமுறையான பயம் ஒன்று இருக்கிறது. அவருக்கு அது என்னவென்று தெரியாத வரை, விற்காமல் மீந்தது எடைக்குப் போகும். பாத்திரக் கடைக்காரர் உருக்கிவிடுவார். இந்த ஊரின் பெயரைத் தமிழில் தாங்கிய எத்தனை காசு அப்படிக் குண்டானாகப் போனதோ.

அடுத்த ஞாயிறு போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். காசைக் கையில் கொடுத்து, பூவைக் காட்டி, எழுத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு "பு... து..." என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மேற்கொண்டு நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டி இருவரும் தேடியதில் இன்னொன்று கிடைத்தது, இன்னும் நல்ல நிலைமையில், "சசெரி" முழுசாக விழுந்தது. என்ன விலை என்றேன்.

"ஐந்நூறு" என்றார்.

நியாயமான விலைதான். என்னிடம் அன்று அவ்வளவு இல்லை. அதைத் தனியாக ஒரு தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இந்த வாரமும் போய்ப் பார்த்தேன், அங்கேயேதான் இருக்கிறது.