கூரையில் தொடங்கட்டும் மின் சிக்கனம்

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால், அந்தத் தெருக்களில் இருக்கும் வீடுகள் மாறவில்லை.

பசுவந்தனைப் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில், சித்திரை மாத இரவு பத்து மணிக்கு ஒரு தொகுப்பு வீட்டுக்குள் போய் நின்று பாருங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை அந்தச் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். ஆண்கள் தெருவில் கட்டிலைப் போட்டுப் படுத்துவிடுவார்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துவிட்டு வந்த பெண்கள் உள்ளேயே புழுங்க வேண்டும்.

இந்த வீடுகளுக்கும் மின் சிக்கனப் பிரசாரம் வருகிறது. 'தேவை இல்லாதபோது மின்விசிறியை நிறுத்துங்கள்' என்கிறார்கள். அந்தக் கூரைக்குக் கீழே மின்விசிறி தேவைப்படாத நேரம் எது?

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். பழைய மாதிரி மின்விசிறிக்கு 75 வாட் தேவை. நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். 60 நாளில் 90 யூனிட். இலவச மின்சாரத்தை ஒற்றை மின்விசிறியே தின்றுவிடுகிறது. விளக்கு, டிவி, மிக்ஸி எல்லாம் மீதிப் பத்து யூனிட்டுக்குள் அடங்குமா?

பி.எல்.டி.சி. என்று கடைகளில் சொல்லும் புதுவகை மின்விசிறிக்கு ஏறக்குறைய 30 வாட் போதும். அதே நேரம் ஓடினால் 36 யூனிட்தான். 54 யூனிட் மிச்சம். ஆனால் அதன் விலை அதிகம். தினக்கூலிக்காரர் கையில் இருக்கும் காசுக்கு எது கிடைக்கிறதோ அதைத்தான் வாங்குவார். குறைந்த விலைக்கு வாங்கியதற்கு, ரீடிங் எடுக்கும்போதெல்லாம் கூடுதலாகக் கட்டுவார். இதை ஊதாரித்தனம் என்று சொல்ல முடியாது. இது வறுமைக்கு விழும் அபராதம்.

மின்விசிறியை மட்டும் மாற்றினாலும் போதாது. சூடு இறங்குவது கூரை வழியாக. மேல்தளத்தில் கெட்டியாக வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டு, அரசுக் கட்டடங்களுக்கு இத்தகைய கூரையைக் கட்டாயமாக்கியது. நம் மாநிலத்திலும் முன்னுதாரணம் உண்டு. 2011-இல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு சூரிய ஒளி விளக்குகளும் சேர்த்தே தரப்பட்டன. மின்வசதியும் சேர்ந்ததுதான் வீடு என்று அரசே அன்று ஏற்றுக்கொண்டது.

'எல்லார் வீட்டிலும்தான் வெயில் அடிக்கிறது, இவர்களுக்கு மட்டும் ஏன்?' என்று கேட்பவர்கள் உண்டு. தன் பணத்தில் கட்டுகிறவர் உயரம் கூட்டலாம், தட்டோடு பதிக்கலாம், வேம்பு வைக்க இடம் விடலாம். தொகுப்பு வீட்டின் அளவையும் கூரையையும் முடிவு செய்தது அரசு. அந்தக் கூரையின் சூட்டுக்கும் அரசுதான் பொறுப்பேற்க வேண்டும்.

அதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்காக, ஐந்தாண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று 2023-இல் அறிவிக்கப்பட்ட அயோத்திதாசப் பண்டிதர் பெயரிலான திட்டம் இருக்கிறது. தெரு, குடிநீர், விளக்கு என்ற பட்டியலில் வெள்ளைக் கூரையையும் மின்சிக்கன மின்விசிறியையும் சேர்க்கட்டும். சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறியிருக்கும் மாணவர் விடுதிகளில் முதலில் தொடங்கலாம். பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு இரவுத் தூக்கமும் கல்வி உரிமைதான்.

கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. தூத்துக்குடியில் அனல்மின் நிலையம் இயங்குகிறது. ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்பும் மாவட்டம் இது. மே 1 அன்று கிராமசபை கூடும். படித்த பிள்ளைகள் தங்கள் தெருவில் எத்தனை வீடு, என்ன கூரை, எத்தனை பழைய மின்விசிறி என்று எண்ணி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதைத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். தீர்மான நகலைக் கையில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.