டேங்கில் தண்ணீர்: நிரூபிக்க வேண்டியது பங்க்தான்
மோட்டார் மெக்கானிக்குகள் சங்கத்தின் நிலைப்பாட்டு அறிக்கை

2025 ஜூன் இறுதியில், மத்தியப் பிரதேச முதல்வர் மோகன் யாதவின் பயணத்துக்காக ரத்லாமில் டீசல் போட்ட 19 வண்டிகள் சற்றுத் தூரம் போனதுமே ஒவ்வொன்றாக நின்றுபோயின. டேங்கைத் திறந்தால் டீசலோடு தண்ணீர். பங்க்குக்குச் சீல் வைக்கப்பட்டது. இந்தூரிலிருந்து மாற்று வண்டிகள் வந்தன.

சாதாரண கார்க்காரருக்கு இதே கதி நேர்ந்தால் சீல் வைக்க யாரும் ஓடி வருவதில்லை. பில் எங்கே, இங்கேதான் போட்டீர்களா, மழைத்தண்ணீர் மூடி வழியாக இறங்கியிருக்காதா என்று கேள்விகளெல்லாம் அவர் மீதே பாயும். டேங்க் கழற்றுவது, ஃபில்டர், இன்ஜெக்டர் வேலை, டோயிங் என எல்லாச் செலவும் அவர் தலையில் விழும்.

இதில் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்: எரிபொருள் போட்ட சிறிது நேரத்தில் வண்டி நின்று, டேங்கில் தண்ணீர் இருப்பது தெரிந்தால், தன் நிலத்தடி டேங்க் சுத்தமாக இருந்தது என்று காட்ட வேண்டியது பங்க்தான். காட்ட முடியாவிட்டால் பழுதுச் செலவை பங்க்கும் எண்ணெய் நிறுவனமும் ஏற்க வேண்டும்.

காரணம் எளிது. சோதிக்கும் கருவி அவர்களிடம்தான் இருக்கிறது. நிலத்தடி டேங்கில் இறக்கும் அளவுகோலின் நுனியில் ஒரு பேஸ்ட் தடவுவார்கள். தண்ணீர் பட்ட உயரம்வரை அதன் நிறம் மாறிவிடும். அளவைக் குறித்துவைக்கப் பதிவேடும் உண்டு. வாடிக்கையாளரின் கையில் இருப்பதோ ஒரு பில் மட்டும், அதுவும் கேட்டு வாங்கியிருந்தால்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. 20 சதவீத எத்தனால் உள்ள பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். காரின் பெட்ரோல் பம்ப் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியிலிருந்துதான். ஆகவே அந்த எத்தனால்-தண்ணீர் அடுக்கையும் காட்டும், எத்தனால் கலவைக்கு ஏற்ற பேஸ்ட்டையே எல்லா பங்க்குகளும் பயன்படுத்த வேண்டும்.

பட்டறைகளும் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். டேங்கின் அடியிலிருந்து எடுத்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஆடாமல் வைத்தால், மேலே பெட்ரோலும் கீழே தண்ணீரும் கோடு கிழித்தாற்போல் பிரிந்து நிற்கும். வழக்கின் உயிரே அந்த பாட்டில்தான். வேலை முடிந்ததும் அதைக் கொட்டிவிட்டால் உரிமையாளருக்கு வாய்மொழி மட்டுமே மிஞ்சும். எனவே சங்க உறுப்பினர்கள் டேங்கைக் காலி செய்யும் முன் மாதிரி எடுத்து, உரிமையாளரின் கையெழுத்தோடு சீல் வைப்பார்கள். எவ்வளவு தண்ணீர் வந்தது, பெட்ரோல் போட்டபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, மூடியின் ரப்பர் எப்படி இருந்தது என்பதை ஜாப் கார்டில் எழுதித் தருவார்கள். வடித்த எரிபொருளைச் சாக்கடையில் விட மாட்டார்கள்.

மூடியின் ரப்பரைக் குறிப்பதும் நியாயத்துக்காகவே. எல்லாத் தண்ணீரும் பங்க்கிலிருந்து வருவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய காரின் டேங்கில் தண்ணீர் இருந்தால் அதற்கு எந்த பங்க்கும் பொறுப்பாகாது. ரப்பர் வெடித்த மூடியும் மழையை உள்ளே விடும்.

வண்டி ஓட்டுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எரிபொருள் போட்டதும் இழுவை குறைந்து, ஜெர்க் அடித்து, மிஸ்ஸிங் ஆகி வண்டி நின்றால், திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீர்கள். காமன் ரெயில் டீசல் வண்டியில் இது மிக முக்கியம். அதன் ஹை பிரஷர் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலே மசகு. அழுத்தம் 1,500 பாரைத் தாண்டும் இடத்தில் தண்ணீர் போனால் உலோகம் உலோகத்தோடு உரசித் தேயும். ஃபில்டர் மாற்றுவதோடு முடிந்திருக்கும் வேலை, பம்ப்பையே மாற்றும் செலவாகிவிடும். டோ செய்து பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள், பங்க்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எண்ணெய் நிறுவனங்களிடம் சங்கம் கேட்பது மூன்று. கனமழைக்குப் பிறகு நிலத்தடி டேங்கைச் சோதித்த பின்னரே விற்பனையைத் தொடங்க வேண்டும். அந்தப் பதிவேட்டை வாடிக்கையாளர் கேட்டால் காட்ட வேண்டும். தண்ணீர் புகார் வந்தவுடன் அந்த டேங்கின் விற்பனையை நிறுத்தி, புகார்தாரர் முன்னிலையில் நாசிலிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இந்த மூன்றையும் எழுத்து மூலமான உத்தரவாகத் தமிழகத்தின் ஒவ்வொரு பங்க்குக்கும் அனுப்ப வேண்டும் எனச் சங்கம் வலியுறுத்துகிறது.