வலை வீசுமுன் ஒரு தடை

வடதுருவத்தைச் சூழ்ந்த பனிக்கடலின் நடுவே எந்நாட்டுக்கும் சொந்தமல்லாத பகுதி ஒன்றுண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 28 இலட்சம் சதுர கிலோமீட்டர். நெடுங்காலம் பனிப்பாளம் மூடிக் கிடந்தமையால் அங்கே வணிக மீன்பிடிப்பு நடந்ததே இல்லை. இப்பொழுதோ கோடையில் அதன் ஓரங்கள் உருகித் திறக்கின்றன. முந்தியவனுக்கே மீன் என்னும் போட்டி மூளுமுன், 2018 அக்டோபரில், கிரீன்லாந்தின் இலூலிசாட் நகரில் 9 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. 2021 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. தொடக்கமாக 16 ஆண்டுகளுக்கு அங்கு வணிக மீன்பிடிப்பு கிடையாது. அதற்குள் அக்கடலில் என்ன மீன், எவ்வளவு என்பதை அனைவரும் கூட்டாக ஆராய வேண்டும்.

மனிதருக்கு இத்துணை முன்யோசனையா என்று நாம் வியக்கத் தோன்றும். உண்மையில் இது பட்டறிந்த பாடம். 1980-களில் பெரிங் கடலின் பொதுப்பகுதியில் பல நாட்டுக் கப்பல்கள் பொல்லாக் மீனை வாரிக் குவித்தன. சில ஆண்டுகளிலேயே மீன்வளம் சரிந்தது. 1994-இல் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். மீன் திரும்பவில்லை!

கையொப்பமிட்டோருள் அமெரிக்கா, இரஷ்யா, சீனா மூன்றும் உண்டு என்பதை நாம் கருத வேண்டும். 2022-இல் உக்ரைன் போரினால் ஆர்க்டிக் மன்றத்தின் பணிகள் தடைப்பட்டன. எனினும் அதே ஆண்டு நவம்பரில், தென் கொரியாவின் இஞ்சியோனில், இவ்வொப்பந்தத் தரப்பினரின் முதல் மாநாடு கூடிற்று.

தடைக்காலம் 2037-இல் முடியும். எவரும் மறுக்காவிடில் ஐந்தைந்து ஆண்டுகளாக நீளும். ஒரே ஒரு தரப்பு மறுத்தாலும் நீளாது.