பதினேழு அங்குல மோகம்

சின்னக் கார் வைத்திருக்கும் இளைஞன் ஒருவன் அதனை அழகுபடுத்த ஆசைப்படுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. மாட்டின் கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் சலங்கை கட்டி, வண்டியை ஓட்டிப் பார்த்த சமூகம் எமது. ஆசையைப் பழிப்பவனுக்கு அந்தச் சலங்கை ஒலி காதில் விழுந்ததில்லை என்றே சொல்வேன். எனது வழக்கு அளவைச் சொல்லாமல் அழகை விற்பவர்கள் மீதும், விலையை மட்டும் கேட்டு அதை வாங்குபவர்கள் மீதும்தான்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் ஏ4 வீதியில், குருக்கள்மடம் கடந்தால் செட்டிபாளையம். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, நடுவே மணல் நிலம். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக் காலத்தில் இவ்வீதியோரம் வரிசையாக நிற்கும் கார்களைப் பாருங்கள். சுசுகி ஸ்விப்ட், டொயோட்டா விட்ஸ், ஹொண்டா ஃபிட்... பெரும்பாலானவை வயதான கார்கள். 2020 மார்ச்சில் மூடிய இறக்குமதிக் கதவு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. புதிய கார் வராத அந்த ஐந்து ஆண்டுகளில், பழைய காருக்குப் புதுச் சில்லு மாட்டுவதே புதுக் கார் வாங்கியது போலாயிற்று. அதிலும் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அச்சில்லுகள் மடுகாட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றனவே, அதுதான் கண்ணை உறுத்துகிறது.

றிம் விற்கும் கடையில் கேட்கப்படும் முதற்கேள்வி, "எத்தின இஞ்சி வேணும் தம்பி?" என்பதுதான். பதினைந்து அங்குலம் இருந்த இடத்தில் பதினேழு என்றால் பெருமை, பதினெட்டு என்றால் பேரானந்தம். ஓப்செட் எவ்வளவு என்று விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. என் தொழிலையும் நான் விட்டுவைக்கப் போவதில்லை. பத்திரிகைகளில் வரும் றிம் விளம்பரங்களைப் பாருங்கள். அங்குலம் கொட்டை எழுத்தில் இருக்கும். ஓப்செட்டைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

(பத்திரிகைக்காரனுக்கு ஓப்செட் என்றால் அச்சு இயந்திரம்தான் நினைவுக்கு வரும். இது வேறு ஓப்செட், அன்பர்களே.)

சில்லின் அகலத்துக்குச் சரி நடுவே ஒரு கோடு கீறியதாக நினைத்துக்கொள்ளுங்கள். காரின் அச்சுத்தலையில், அதாவது ஹப்பில், சில்லு முகம் பதிந்து இறுகும் இடம் அந்த நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் வெளிப்பக்கமாக இருக்கிறதோ, அந்த எண்தான் ஓப்செட். எண் பெரிதாக இருந்தால் சில்லு காருக்குள் ஒதுங்கி நிற்கும். எண் சிறுத்தால் வெளியே வரும். றிம்மின் உட்புறத்தில் 'ஈ.டி. 50' என்றோ வெறும் 50 என்றோ பொறித்திருப்பார்கள்.

ஓர் உதாரணம். 2017இல் வெளிவந்த ஸ்விப்ட் ஸ்போர்ட் காருக்குத் தொழிற்சாலை பொருத்திய றிம் 17 அங்குல விட்டமும் 6.5 அங்குல அகலமும் கொண்டது. ஓப்செட் 50. இதைக் கழற்றிவிட்டு, அதே 17 அங்குலத்தில் 7.5 அங்குல அகலமும் ஓப்செட் 35உம் உள்ள றிம்மை மாட்டுகிறார்கள். அகலம் ஓர் அங்குலம் கூடியதால் வெளிப்பக்கம் 12.7 மில்லிமீற்றர், ஓப்செட் குறைந்ததால் மேலும் 15. ஆக, வெளி விளிம்பு ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் வெளியே வந்துவிட்டது. 'அங்குலத்தை மாற்றவில்லையே, அதே பதினேழுதானே' என்று உரிமையாளர் நிம்மதியாக இருப்பார். டயரோ மடுகாட்டின் விளிம்பை உரசக் காத்திருக்கும். அதே 7.5 அங்குல றிம்மை ஓப்செட் 45இல் தேடி எடுத்திருந்தால் வெளியே வருவது 18 மில்லிமீற்றர்தான். உள்ளே ஷொக் அப்சோபர் பக்கம் 8 மில்லிமீற்றர் நெருங்கும். அதற்கு அங்கே இடமிருக்கிறதா என்று விரலை விட்டு அளந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் செய்ய வேண்டிய வேலை இது.

இதைவிட விபரீதமான வழக்கம் ஒன்று உண்டு. சாதாரண ஸ்விப்டுக்கு ஸ்போர்ட் வேடம் போடுவது. சாதாரண ஸ்விப்டின் சில்லில் நான்கு நட்டுகள், 100 மில்லிமீற்றர் வட்டத்தில். ஸ்போர்ட்டில் ஐந்து நட்டுகள், 114.3 மில்லிமீற்றர் வட்டத்தில். ஒன்று மற்றொன்றில் ஏறாது. ஏற்றுவதற்காக இடையில் அடாப்டர் என்று ஒரு தடித்த தட்டை வைத்து இறுக்குகிறார்கள். தட்டு 25 மில்லிமீற்றர் தடிப்பு என்றால், 50 ஆக இருந்த ஓப்செட் 25 ஆகிவிட்டது என்று பொருள். அதாவது சில்லு ஓர் அங்குலம் வெளியே. தட்டை ஹப்புடன் பிணைக்கும் நான்கு நட்டுகளும் சில்லுக்குப் பின்னே மறைந்து கிடக்கும். அவை இளகுகின்றனவா என்று சில்லைக் கழற்றாமல் எவராலும் பார்க்க முடியாது.

ஓர் அங்குலம் வெளியே போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பார்கள். தண்ணீர் நிறைந்த வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்து நடந்து பாருங்கள். பிறகு கையை நீட்டிப் பிடித்து நடந்து பாருங்கள். வாளி அதேதான், தண்ணீரும் அதேதான். தோள்மூட்டு வேறு கதை சொல்லும். காரின் தோள்மூட்டு ஹப் பெயரிங். இரைச்சல் கேட்கத் தொடங்கிய பிறகு பெயரிங் மாற்றிக்கொள்ளலாம், போவது பணம் மட்டும்தான்.

பணத்தோடு முடியாத விஷயம் ஸ்டியரிங். முன் சில்லு இடமும் வலமும் திரும்புவதற்கு ஒரு சுழற்சி அச்சு உண்டு. அந்த அச்சைத் தரைவரை நீட்டினால் படும் புள்ளிக்கும் டயரின் நடுப்பகுதிக்கும் உள்ள இடைவெளியைத் தொழிற்சாலைப் பொறியியலாளர் மில்லிமீற்றர் கணக்கில் அளந்து வைத்திருக்கிறார். நாம் சில்லை வெளியே தள்ளும்போது அந்த இடைவெளி கெடுகிறது. சீரான தார் வீதியில் இது தெரியாது. ஆனால் செட்டிபாளையத்திலும் தேற்றாத்தீவிலும் களுதாவளையிலும் தார் முடியும் இடத்தில் மணல் தொடங்குகிறது. எதிரே பஸ் ஒன்று முந்திக்கொண்டு வருகிறது. நீங்கள் இடது சில்லுகளை மணலில் இறக்கி பிரேக்கை மிதிக்கிறீர்கள். ஒரு சில்லு மணலில், மறுசில்லு தாரில். இரண்டுக்கும் பிடி ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை ஸ்டியரிங்குக்குக் கொண்டுவரும் நெம்புகோல் முன்னைவிட நீண்டிருக்கிறது. ஸ்டியரிங் கையைப் பறித்துக்கொண்டு ஒரு பக்கம் இழுக்கும். மாலை வேளையில் அந்த ஒரு பக்கத்தில் சைக்கிளில் வகுப்பு முடிந்து வரும் பிள்ளை இருப்பாள், மேய்ச்சல் முடிந்து திரும்பும் மாடு நிற்கும்.

இப்போது விட்டத்துக்கு வருவோம். 185/60 ஆர் 15 டயரின் முழு உயரம் 603 மில்லிமீற்றர். 195/45 ஆர் 17 டயரின் உயரம் 607. ஒரு வீதம்கூட வேறுபாடில்லை, வேகமானியும் ஏமாறாது. கடைக்காரர் இதைத்தான் சொல்வார், அது உண்மையும்கூட. அவர் சொல்லாதது, றிம்முக்கும் வீதிக்கும் இடையே நிற்கும் இறப்பரின் உயரம். முன்னையதில் 111 மில்லிமீற்றர், பின்னையதில் 88தான். எழுவான்கரையின் பிரதான வீதியை மட்டும் ஓடுபவருக்கு 88 போதும். மாரி மழைக்குப் பின் படுவான்கரையின் உள்வீதிகளில் இறங்குபவருக்குப் போதாது. குழியின் விளிம்பில் மோதும்போது நசுங்குவதற்கு இறப்பர் இல்லையென்றால் நசுங்குவது றிம். வளைந்தால் தட்டி நிமிர்த்துகிறார்கள். வெடித்தால் அலுமினிய ஒட்டு வைத்து, சாணை பிடித்து, வர்ணம் பூசி, 'ஜப்பான் றிம்' என்று மறுபடியும் விற்கிறார்கள்.

வேகத்துக்காகத்தான் பெரிய சில்லு என்பது இன்னொரு மூடநம்பிக்கை. ஸ்விப்ட் ஸ்போர்ட்டின் சிறப்பே அதன் எடைதான். கையால் கியர் மாற்றும் ஜப்பானிய வகை வெறும் 970 கிலோ. கிராம் கிராமாகக் குறைத்துச் செய்த காரில், மலிவான வார்ப்பு றிம்மை மாட்டிச் சில்லுக்குச் சில்லு எடையைக் கூட்டினால் அது துள்ளி ஓடாது, இழுபட்டு ஓடும். ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை கூடக்கூடச் சில்லு வீதியை விட்டு எழும்பும், பிடி குறையும். எனவே 17க்குப் பதில் 16 அங்குலத்துக்கு இறங்கி, எடை குறைந்த றிம்மில் 195/50 ஆர் 16 போடுபவனே ஓட்டத் தெரிந்தவன் என்பேன். உயரம் ஒரு வீதம்தான் குறையும், பக்கச்சுவரில் 10 மில்லிமீற்றர் இறப்பர் கூடும். முன் பிரேக்கின் கலிப்பரில் உட்புறம் தட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

கம்பனி போட்டதைத் தொடவே கூடாது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2004இல் வந்த ஸ்விப்டுக்குத் தொழிற்சாலையே 165/70 ஆர் 14உம் கொடுத்தது, 185/60 ஆர் 15உம் கொடுத்தது. பதினான்கிலிருந்து பதினைந்துக்குப் போகிறவரைத் தடுக்க என்ன காரணம் இருக்கிறது?

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. 2025 ஜனவரியில் பொலிஸார் வாகனங்களின் மேலதிக அலங்காரங்களைக் கழற்றச் சொன்னபோது பஸ்காரர்களும் முச்சக்கரவண்டிக்காரர்களும் கொதித்தெழுந்தார்கள். விளக்கைப் பற்றியும் ஹோர்னைப் பற்றியும் பேசினார்கள், ஓப்செட் எவர் வாயிலும் வரவில்லை. தனியார் காருக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை உண்டு. சில்லு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளக்க அங்கே எவருமில்லை.

ஜேர்மனியில் வாழும் எம் உறவுகளுக்கு இது புதிதன்று. அங்கே வேறு றிம் மாட்டினால், அது இன்ன காருக்கு இன்ன ஓப்செட்டில் பொருந்தும் என்ற தாள் இருக்க வேண்டும், இல்லையேல் பரிசோதனையில் கார் நின்றுவிடும். ஜப்பானிலும் மடுகாட்டைத் தாண்டிச் சில்லு நீட்டினால் பரிசோதனையில் தேற முடியாது. ஆனால் அதே உறவு ஊரிலுள்ள மச்சானுக்கு றிம் வாங்கக் காசு அனுப்பும்போது தாள் எதுவும் கேட்பதில்லை! அங்கே உங்கள் உயிருக்கு ஒரு விலை, இங்கே மச்சானின் உயிருக்கு வேறு விலையா?

ஆகவே தம்பிமாரே, கடையில் றிம்மைத் திருப்பிப் போட்டுப் பின்புறத்தைப் படியுங்கள். விட்டம், அகலம், ஓப்செட், நட்டு வட்டம் நான்கும் அங்கே இருக்க வேண்டும். ஜப்பானியத் தரக்குறியான ஜே.டபிள்யூ.எல். இருக்கிறதா என்றும் பாருங்கள். நடுத்துளை சாதாரண ஸ்விப்டுக்கு 54.1 மில்லிமீற்றர், ஸ்போர்ட்டுக்கு 60.1. றிம்மின் துளை அதைவிடப் பெரிதென்றால் இடைவளையம் போட்டுத் தரச் சொல்லுங்கள், இல்லையேல் வேகம் ஏறும்போது ஸ்டியரிங் நடுங்கலாம். டொயோட்டா நட்டைச் சுசுகியில் முறுக்க விடாதீர்கள், இரண்டின் புரியும் வேறு.

மாட்டிய பின் காசை முழுவதும் கொடுத்துவிடாதீர்கள். பின்னிருக்கையில் மூவரை ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைவரை போய் வாருங்கள். திரும்பி வந்து மடுகாட்டின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். வர்ணம் தேய்ந்து பளபளப்பு தெரிந்தால், அன்றைக்கே கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.